உழைப்பின் விலையும் மூளையின் கணக்கும்: டோபமின் குறித்த ஒரு பரிசீலனை

மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் டோபமினைச் சுரப்பவை மிகச் சிலவே. நடுமூளையில் இருப்பவை நான்கு முதல் ஆறு லட்சம் வரை இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. இச்சிறு கூட்டத்திலிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் பெரும்பரப்பில் கிளைத்துப் படர்ந்து அசைவு, கற்றல், விருப்பம், முயற்சி ஆகியவற்றில் பங்கேற்கின்றன. ஒருவர் கடினமான வேலையைத் தொடங்குவதிலும் தொடர்வதிலும் பாதியில் கைவிடுவதிலும் இந்த வேதிப்பொருளுக்குப் பங்குண்டு என்பதை நரம்பியலாளர்கள் இன்று பெரும்பாலும் ஏற்கின்றனர்.

இந்த உண்மையின் மேல் ஒரு வெகுசன நம்பிக்கை எழுந்திருக்கிறது. கைப்பேசியும் இனிப்பும் டோபமினைத் தீர்த்துவிடுகின்றன. குளிர்ந்த நீரில் குளித்தால் அது ஏறும். சில நாள் இன்பங்களை விலக்கினால் மூளை பழைய நிலைக்குத் திரும்பும். அளவு சரியானால் ஊக்கமும் கட்டுப்பாடும் தாமே வந்து சேரும் என்பது அதன் சாரம். சுயமுன்னேற்ற நூல்களும் காணொளிகளும் இதை நிறுவப்பட்ட அறிவியலாகவே முன்வைக்கின்றன. உண்மையில் இதில் இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. டோபமினுக்கும் உழைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது ஒன்று. ஆகவே டோபமினை விரும்பியபடி ஏற்றி இறக்கி உழைக்கும் குணத்தை உருவாக்கிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதல் கூற்றுக்குப் பல பத்தாண்டுச் சான்றுகள் உள்ளன. அச்சான்றுகள் இரண்டாவதையும் தாங்குமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இன்பப் பொருள் என்ற முதல் விளக்கம்

டோபமின் ஆய்வின் தொடக்கத்தில் இந்திய மூலிகை ஒன்றுக்கு இடமுண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் தரப்பட்டுவந்த மருந்து. ரெசர்பின் கொடுக்கப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடப்பதையும், எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடுவதையும் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் குழுவினர் 1957இல் அறிவித்தனர். மூளையில் டோபமின் இருப்பதை அடுத்த ஆண்டு காட்டினர். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் கார்ல்சனுக்கும் பங்கு கிடைத்தது. எல்-டோபா மூளைக்குள் டோபமினாக மாறும் முன்பொருள். அதைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் சென்னையில் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தனர்.

கார்ல்சனின் முயல்கள் இழந்தது அசையும் திறனை. டோபமினுக்கு இன்பத்தின் பெயர் வேறொரு வழியில் வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் 1954இல் எலிகளின் மூளைக்குள் மின்முனையைப் பொருத்தி, விசையை அழுத்தினால் மெல்லிய மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தனர். எலிகள் ஓயாமல் விசையை அழுத்தின. மூளையில் இன்ப மையம் இருக்கிறது என்ற கருத்து அதன்பின் பரவியது. டோபமினைத் தடுக்கும் மருந்துகள் கொடுத்தபோது விலங்குகள் இவ்வகைப் பரிசுகளில் நாட்டம் இழந்ததைக் கண்ட ராய் வைஸ், டோபமின் குறைந்தால் இன்பமே மங்கிவிடுகிறது என்று வாதிட்டார். வெகுசனப் பேச்சில் இன்றும் உயிரோடிருப்பது இந்த விளக்கம்தான். ஆய்வுலகம் அதைக் கடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

கடக்கச் செய்தவை இரண்டு ஆய்வுத் தொடர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் ஆகியோர் எலிகளின் டோபமின் அணுக்களை ஏறக்குறைய முழுமையாக அழித்தனர். அவ்வெலிகள் தாமாக உணவைத் தேடிச் செல்லவில்லை, பட்டினியாகக் கிடந்தன. ஆனால் இனிப்பு நீரை வாயில் விட்டபோது நாக்கை நீட்டிச் சுவைத்தன. சுவையை அனுபவிக்கும் முகக்குறிகள் மாறவில்லை. அனுபவிப்பதும் நாடுவதும் மூளையில் வேறுவேறு ஏற்பாடுகள் என்றும், டோபமின் நாட்டத்துக்கு உரியது என்றும் பெரிட்ஜ் முடிவுசெய்தார்.

இரண்டாவது தொடரில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின் விளக்குக்கே துடித்தன, சாற்றுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, அது வரவேண்டிய கணத்தில் துடிப்பு அடங்கியது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்று ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் மூவரும் 1997இல் எழுதிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனை.

முயற்சியின் விலை

கடின உழைப்பு பற்றிய கேள்விக்கு மிக நெருங்கி வருபவை கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சலமோன் நடத்திய சோதனைகள். பொதுவெளியில் அவருடைய பெயர் அரிதாகவே அடிபடுகிறது. இந்த விஷயத்தில் முதலில் படிக்கப்பட வேண்டியவர் அவர்.

1994இல் வெளியான சோதனையில் எலி ஒரு பாதையில் ஓடி, முடிவில் இடமோ வலமோ திரும்ப வேண்டும். ஒரு பக்கம் 4 உணவு உருண்டைகள், மறுபக்கம் 2. நான்கு உருண்டைகள் உள்ள பக்கத்தில் 44 செ.மீ. உயரத் தடுப்பு ஒன்று நிற்கிறது. நல்ல நிலையிலுள்ள எலிகள் தடுப்பேறிக் கூடுதல் உணவைத் தின்றன. நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் குறைக்கப்பட்ட எலிகள் தடுப்பில்லாத பக்கம் திரும்பி இரண்டோடு நிறைவடைந்தன. அவற்றுக்குப் பசி இருந்தது. எந்தப் பக்கம் அதிகம் என்பது தெரிந்திருந்தது. தடுப்பை எடுத்துவிட்டால் நான்கையே தேர்ந்தெடுத்தன. ஏறும் வலுவும் இருந்தது. பிந்தைய ஒரு சோதனையில் மறுபக்கத்தை வெறுமையாக்கியபோது அதே வகை எலிகள் தடுப்பேறின.

பசி, அறிவு, உடல்வலு மூன்றும் இருந்தும் மாறியது ஒன்றுதான்: கூடுதல் பலனுக்காகக் கூடுதல் சிரமத்தை ஏற்கும் விருப்பம். டோபமின் குறைந்த எலி சிரமத்துக்கு அதிக விலை போடுகிறது, அல்லது பலனுக்குக் குறைந்த விலை போடுகிறது. டோபமினைக் கலத்தில் நிரப்பும் எரிபொருளாகக் காணும் பார்வை இங்கே பொய்த்துப்போகிறது. எரிபொருள் தீர்ந்த வண்டி எந்தப் பாதையிலும் ஓடாது; இந்த எலியோ வேறு வழி இல்லையென்றால் ஏறுகிறது.

மனிதர்களிடமும் இதே போக்கு காணப்பட்டுள்ளது. மைக்கேல் டிரெட்வே, டேவிட் சால்ட் ஆகியோர் வகுத்த சோதனையில் ஒருவர் எளிய வேலை, கடின வேலை இரண்டில் ஒன்றை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிய வேலை, பழகிய கையின் ஆட்காட்டி விரலால் 7 நொடியில் 30 முறை பொத்தானை அழுத்துவது. கடின வேலை, பழகாத கையின் சுண்டுவிரலால் 21 நொடியில் 100 முறை அழுத்துவது. அதற்குப் பணம் கூடுதல். 25 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப்பகுதியிலும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியிலும் ஆம்பெட்டமின் என்ற விழிப்பு மருந்துக்கு அதிக டோபமினைச் சுரந்தவர்களே கடின வேலையைக் கூடுதலாக நாடினர். குறிப்பாக, அந்தப் பணத்தை வெல்லும் வாய்ப்பு குறைவாக இருந்தபோதும் நாடினர். இன்சுலா என்ற பகுதியில் விளைவு தலைகீழாக இருந்தது. அங்கே அதிகம் சுரந்தவர்கள் கடின வேலையை ஒதுக்கினர். மூளையில் டோபமின் கூடினால் நல்லது என்று ஒரே வரியில் சொல்வதற்கு இந்த ஒரு கண்டுபிடிப்பே தடை.

மனத்தால் செய்யும் வேலைக்கு ஆண்ட்ரூ வெஸ்ட்புரூக் குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு முக்கியமானது. 18 முதல் 43 வயது வரையிலான 50 பேரின் ஸ்ட்ரையேட்ட டோபமின் உற்பத்தித் திறன் அளக்கப்பட்டு, கடினமான நினைவுப் பணிகளுக்கு எவ்வளவு பணம் கிடைத்தால் சம்மதிப்பார்கள் என்று சோதிக்கப்பட்டது. உற்பத்தி குறைந்தவர்கள் தயங்கினர். மெத்தில்பெனிடேட் என்ற விழிப்பு மருந்தைக் கொடுத்தபோது தயக்கம் குறைந்தது. அவர்களின் பார்வை எங்கே நிலைக்கிறது என்பதையும் கவனித்த ஆய்வாளர்கள், டோபமின் பலனின் பக்கம் தராசைச் சாய்க்கிறது, சிரமத்தைச் சிறிதாகக் காட்டுகிறது என்று விளக்கினர்.

ஊக்கமும் கட்டுப்பாடும் பிரியும் இடம்

ஊக்கத்தையும் கட்டுப்பாட்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். பார்க்கின்சன் நோயாளிகளின் அனுபவம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. டோபமின் அணுக்கள் அழிவதால் வரும் இந்நோயில் உடல் விறைப்போடு பலருக்கு எதிலும் முனைப்பற்ற நிலையும் சேர்ந்துகொள்கிறது. டோபமின் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்துகள் பலருக்கு அசைவைத் திருப்பித் தருகின்றன. சிலரிடம் அவை வேறொன்றையும் கிளப்புகின்றன: அடக்க முடியாத சூதாட்டம், பொருள் வாங்கும் வெறி, மிகையான பாலியல் நாட்டம், பெருந்தீனி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில் 13.6 விழுக்காட்டினருக்கு இத்தகைய கோளாறு இருந்தது. ஏற்பிகளைத் தூண்டும் மருந்து எடுத்தவர்களிடம் அது 17.1 விழுக்காடு, எடுக்காதவர்களிடம் 6.9.

இவர்களிடம் நாட்டம் குறையவில்லை, பெருகியது. எதை நாடுவது, எப்போது நிறுத்துவது என்ற தேர்வு தளர்ந்தது. கடின உழைப்புக்கு வேண்டிய கட்டுப்பாடு பெரும்பாலும் இந்தத் தேர்வையே சார்ந்தது. டோபமின் முனைப்பைக் கூட்டலாம்; முனைப்பு பாடநூலின் பக்கம் போகுமா சீட்டாட்டத்தின் பக்கம் போகுமா என்பதை அது முடிவுசெய்வதில்லை.

நலமாயுள்ளவர்கள் தேர்வுக்கும் வேலைக்கும் விழிப்பு மருந்துகளை எடுப்பதைப் பற்றி மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் போமன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதே பிளவை வேறு கோணத்தில் காட்டுகிறது. 40 பேர் வெவ்வேறு நாட்களில் மெத்தில்பெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமின், மொடாஃபினில், வெற்று மாத்திரை ஆகியவற்றை உட்கொண்டு, எடை வரம்புக்குள் மதிப்பு மிகுந்த பொருள்களைப் பைக்குள் அடுக்கும் கணக்குகளைத் தீர்த்தனர். மருந்து எடுத்தபோது கூடுதல் நேரம் செலவிட்டனர், கூடுதல் நகர்வுகள் செய்தனர். முயற்சியின் தரமோ தாழ்ந்தது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேல் செய்தவர்கள் பலர் மருந்தில் சராசரிக்குக் கீழே போயினர். கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் தரும் பயன் வேறு. மருத்துவர் கண்காணிப்பில் அது நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. நலமுள்ள மூளையில் உழைப்பின் அளவும் தரமும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதே இங்கு பொருட்படுத்த வேண்டியது.

குளிர்ந்த நீர், டோபமின் விரதம், உறக்கம்

மருந்தில்லா வழிகளில் மிகுதியாகச் சொல்லப்படுவது குளிர்ந்த நீர். அது டோபமினை 250 விழுக்காடு உயர்த்துகிறது என்ற கூற்றின் மூலம் 2000இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு. இளம் ஆண்கள் கழுத்தளவுக்கு 14 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்தனர். நோர் அட்ரினலின் 530 விழுக்காடும் டோபமின் 250 விழுக்காடும் உயர்ந்தன. எண்கள் சரியானவை. ஆனால் அளக்கப்பட்டது இரத்த ஊனீரில். இரத்தத்திலுள்ள டோபமின், மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டுவதில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபமினைத் தராமல் அந்தத் தடுப்பைக் கடக்கும் எல்-டோபாவைத் தருவதற்குக் காரணமும் இதுவே. குளிர்ந்த நீருக்குப் பின் பலர் உணரும் விழிப்பு உண்மையானது; அது மூளையின் உழைப்புக் கணக்கை மாற்றுகிறது என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. ஒரு மணி நேரம் நடந்த சோதனையின் எண்ணை இரண்டு நிமிடக் குளியலுக்குப் பொருத்துவது அடுத்த பிழை.

டோபமின் விரதம் என்ற பெயரை 2019இல் பரப்பியவர் சான் பிரான்சிஸ்கோவின் உளவியலாளர் கேமரன் செப்பா. அவர் முன்வைத்தது அறிதிறன் நடத்தைச் சிகிச்சையின் பழைய உத்தி: கட்டுமீறிய சில பழக்கங்களிலிருந்து குறித்த நேரத்துக்கு விலகியிருப்பது. அப்பெயரை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே எச்சரித்தார். பேச்சையும் உணவையும் இசையையும் துறந்து மூளையைக் கழுவிவிடலாம் என்ற வடிவம் பிறர் கைகளில் உருவானது. விலகியிருப்பதால் பயன் வருமானால், தூண்டுதல்கள் கண்ணில் படாததும் பழக்கத்தின் பிடி தளர்வதுமே எளிய விளக்கம்.

உறக்கத்தின் நிலை இவற்றைவிட உறுதியானது. ஓர் இரவு கண்விழித்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் ஏற்பிகள் குறைவாகக் கிடைப்பதை நோரா வோல்கோவ் குழுவினரின் 2008, 2012 ஆய்வுகள் காட்டின. கண்விழித்துப் படிப்பதை ஒழுக்கமாகப் போற்றும் மரபு இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மன உறுதி தீர்ந்துபோகும் பொருளா?

தன்னடக்கம் பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் வளம் என்று ராய் பாமைஸ்டர் 1998இல் முன்வைத்த கோட்பாடு நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. சாக்லேட் பிஸ்கட்டைத் தவிர்த்து முள்ளங்கியைத் தின்னச் சொல்லப்பட்டவர்கள், தீராத புதிர்களை விரைவில் கைவிட்டனர். ஆனால் 23 ஆய்வகங்களும் 2,000க்கும் மேற்பட்டவர்களும் பங்கேற்ற 2016ஆம் ஆண்டு மறுசோதனையில் விளைவு பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. களைப்பே பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். சில நிமிட அடக்கம் எதையும் தீர்ப்பதில்லை என்பதே சோதனை காட்டியது. ஒரு நாள் முழுதும் கடின மனவேலை செய்தவர்களின் பக்க முன்மூளைப் புறணியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்வதையும், அவர்கள் உழைப்பு குறைந்த, விரைவில் கிடைக்கும் பலனின் பக்கம் சாய்வதையும் பாரிசின் மத்தியாஸ் பெசிக்லியோன் குழுவினர் 2022இல் கண்டனர். களைப்பிலும் மாறுவது உழைப்பின் விலையே.

கணக்கை மாற்றும் வழிகள்

டோபமினின் வேலை சிரமத்தையும் பலனையும் எடைபோடுவதில் இருக்கிறது என்றால், அதன் அளவை ஏற்றப் பாடுபடுவதைவிட எடைபோடப்படும் பொருள்களை மாற்றுவது மேல். நடத்தை ஆய்வுகளில் இதற்கு வலுவான ஆதாரங்கள் உள்ளன.

முதலாவது, வேலை தொடங்கும் சிரமத்தைக் குறைப்பது. எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்தார். 94 சோதனைகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு அதற்கு நடுத்தரத்தை எட்டிய அல்லது அதற்கும் மேலான விளைவைக் கண்டது. இரவு உணவுக்குப் பின் மேசையில் அமர்ந்து ஐந்தாம் அத்தியாயத்தைத் திறப்பது என்ற முடிவு, நன்றாகப் படிக்க வேண்டும் என்ற உறுதியைவிடப் பயன்தரும். வேளை வந்ததும் மீண்டும் எடைபோடும் தேவை இல்லாமல் போகிறது.

இரண்டாவது, பழக்கம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. 21 நாளில் பழக்கம் அமையும் என்ற பரவலான வாக்கு, 22ஆம் நாள் இன்னும் போராடுபவரைத் தோற்றவராக உணரவைக்கிறது. இடையில் ஒரு நாள் தவறுவது போக்கைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஒரே வேளை, ஒரே இடம் என்ற குறிப்புகள் ஏன் உதவுகின்றன என்பதற்கு ஷுல்ட்ஸின் குரங்குகள் விடையளிக்கின்றன: கற்ற பின் துடிப்பு குறிப்புக்கே இடம்பெயர்கிறது.

மூன்றாவதான பரிசு, மிகுந்த சர்ச்சைக்குரியது. ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973இல் நடத்திய சோதனையில், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள் பின்னர் தாமாக வரைவதில் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே செலவிட்டனர். 128 சோதனைகளைத் தொகுத்த எட்வர்ட் டெசி குழுவினரின் 1999ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, முன்னறிவித்த பொருட்பரிசுகள் உள்ளார்வத்தைக் குறைக்கின்றன, பாராட்டுரை குறைப்பதில்லை என்றது. ராபர்ட் ஐசன்பெர்கர் எதிர்த்திசையில் வாதிட்டார். கடும் முயற்சிக்குத் தொடர்ந்து பலன் கிடைத்தால் முயற்சியே இனிதாகிறது, அந்த மனப்பாங்கு வேறு வேலைகளுக்கும் பரவுகிறது என்பது அவருடைய 1992ஆம் ஆண்டுக் கோட்பாடு. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும், பரிசு எதனோடு கட்டப்படுகிறது என்று பார்த்தால் முரண் பெருமளவு நீங்குகிறது. லெப்பரின் குழந்தைகள் ஏற்கெனவே வரைதலை விரும்பியவர்கள். அவர்களுக்குப் பரிசு வரைதலைக் கூலிவேலையாக்கியது. வெரோனிகா யோப் பங்கேற்ற 2022ஆம் ஆண்டு ஆய்வில், மதிப்பெண்ணைப் பார்க்காமல் முயற்சியைப் பார்த்துப் பரிசளிக்கப்பட்டவர்கள், பின்னர் பரிசே இல்லாதபோதும் கடினமான கணக்குகளைத் தேடிச் சென்றனர். தரவரிசைக்கு மட்டும் பரிசளிக்கும் பள்ளிகள் கற்றுத்தருவது இதற்கு நேர்மாறானது.

நான்காவது, சூழல். வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் 205 பேரின் அன்றாட ஆசைகளை அவ்வப்போது கேட்டுப் பதிவுசெய்தனர். தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் என்று தெரியவில்லை. குறைவான மோதல்களையே சந்தித்தவர்கள் என்று தெரிந்தது. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருபவர் மன உறுதியில் குறைந்தவராகக் கருதப்பட வேண்டியதில்லை.

இரண்டு எல்லைகள்

எதிலும் முனைப்பில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகவோ தைராய்டு குறைபாடாகவோ இரத்தசோகையாகவோ இருக்கலாம். பழக்க அட்டவணை இவற்றைத் தீர்க்காது. மருத்துவரே பார்க்க வேண்டும். இத்தகையவரைச் சோம்பேறி என்று திட்டுவது கொடுமை.

மற்றோர் எல்லை ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. எடைபோடப்படும் பலன் உலகிலிருந்து வருவது. மூளை அதை உண்டாக்குவதில்லை. டிரெட்வேயின் சோதனையில் ஒவ்வொரு முறையும் வெல்லும் வாய்ப்பு 12, 50, 88 விழுக்காடு என்று முன்கூட்டியே சொல்லப்படும். 12 விழுக்காடு என்று கேட்டதும் நலமான இளைஞர்களும் கடின வேலையை ஒதுக்கி எளியதற்குத் திரும்புவது மிகுந்தது. ஆய்வாளர்கள் அதைக் கோளாறாகப் பதிவுசெய்யவில்லை; சரியான கணிப்பாகவே எடுத்துக்கொண்டனர். சில நூறு பணியிடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதும் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படித்துச் சலித்தவரிடமும், எவ்வளவு உழைத்தாலும் ஊதியம் உயராத இடத்தில் வேலை செய்பவரிடமும் காணப்படும் ஊக்கக் குறைவை டோபமின் பற்றாக்குறை என்று பெயரிடுவதற்கு முன், அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.